பத்துக்கு நாலு

"நாலுதான் டாக்டரம்மா! நாலே நாலு!"

ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நல்லமுத்து மாமா சிரித்தார். ஜங்ஷன் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"கொஞ்சமாத்தான் ஒட்டியிருக்குது. ஒரு ஊசியில ஓடிப்போயிடும்."

இளமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர். மாமாவுக்குத் தெரிந்த ரிப்போர்ட்டில் எல்லாம் குறைந்தால் ஜெயம்.

டாக்டர் அமிர்தம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நோயோட கணக்கு இல்லைங்க. நோயைத் தடுக்கிற சக்தி. பத்துக்கு மேல இருக்கணும். தொண்ணூத்தெட்டுல ஸ்கூல் கேம்ப்ல மூணு ஊசி போட்டிருக்கு. பத்து வருஷம் ஆச்சா, இறங்கி நாலுக்கு வந்துடுச்சு."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப இவளுக்கு மஞ்சக்காமாலை?"

"இல்லவே இல்லை."

மாமாவுக்கு அது போதும். அதைக் கேட்கத்தான் அவளை இழுத்து வந்திருந்தார். நாளைக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

நிச்சயம் வரை போய் நின்ற மாப்பிள்ளை வேறு. கோகுலகிருஷ்ணன். பீங்கான் யூனிட்டில் சூளை பார்க்கிறவன். முகாமில் ரத்தம் கொடுத்தான். ஹெபடைட்டிஸ் பி, மாமா சொல்கிற அந்த மஞ்சக்காமாலைக் கிருமி, இருக்கிறது என்று காகிதம் வந்தது. மறைக்கத் தெரியாத மனுஷன். காகிதத்தோடு நேராக இளமதி வீட்டுக்கே வந்து நின்றான்.

அன்றைக்கு அவன் டீ குடித்த கப்பை மாமா நடுத்தெருவில் போட்டு உடைத்தார்.

"கப்புல தொத்தாது மாமா!" என்று இளமதி கத்தினாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் உடைத்தது உடைத்ததுதான். கப்பும், கல்யாணமும்.

"இந்த பூஸ்டர் எல்லாருக்கும் தேவைப்படாதுங்க" என்றார் டாக்டர். "ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்க, நோய் இருக்கறவங்களோட ஒரே வீட்டுல இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் முக்கியம். உனக்கு எதுக்கும்மா?"

"வேணும் டாக்டர்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"வேணுங்கறேன்ல? போடுங்க."

மாமா குஷியாகிவிட்டார். "அப்படிக் கேளு! போட்டு வுடுங்க டாக்டரம்மா. நாளைக்கு அவங்க ஏதாச்சும் கேட்டா, ஊசியும் போட்டாச்சுன்னு மூஞ்சில அடிச்சாப்பல சொல்லலாம்."

இளமதி சுடிதார் கையைத் தோள் வரை சுருட்டினாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். கண்ணை மூடிக்க" என்றாள் சிஸ்டர் பெரியநாயகி.

மூடவில்லை. ஊசி ஏறி இறங்கும் வரை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாதான் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு மாசம் கழிச்சு வா. பத்தைத் தாண்டிடுச்சான்னு ரத்தம் பார்த்துச் சொல்றேன்."

"ஒரு மாசம்தானே டாக்டர்? பொறுத்துக்கலாம்."

"இதுல பொறுக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று மாமா சிரித்தார்.

சிஸ்டர் தடுப்பூசி அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பெயர், இளமதி. வயது, இருபத்தொன்று.

அடுத்த கட்டத்தில் 'த/பெ' என்று அச்சாகியிருந்தது. தகப்பன் பெயர்.

மாமா முந்திக்கொண்டார். "பாவாடைன்னு எழுதும்மா."

"இருங்க சிஸ்டர்."

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்து, அந்த ஒற்றை எழுத்தின் மேல் விரலை வைத்தாள் இளமதி.

"இந்த 'த'வை அடிச்சிட்டு 'க' போடுங்க. க/பெ கோகுலகிருஷ்ணன். வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டாச்சு."