இன்கமிங் மட்டும்

"அண்ணே, பழைய நம்பர விட்டுடுங்க. புது சிம் எடுத்தா டேட்டா சும்மாவே தராங்க."

மெஹ்ரின் போன் கடையின் கண்ணாடிப் பெட்டியின்மேல் விளம்பரத் தாளைத் தள்ளினாள். எதிரே நின்றவர் அதைப் பார்க்கவேயில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மழையில் நனைந்த சட்டையோடு, தன் பழைய பட்டன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேட்டா வேணாம்மா. இந்த நம்பர் சாகாம இருக்கணும். இன்னியோட முடியுதுன்னு மெசேஜ் வந்துச்சு. ஃபேக்டரில ஆளக் குறைச்சிட்டாங்க. இருக்கிறதிலயே மலிவா ஒண்ணு போடு."

"மாசம் எத்தன தடவ கூப்பிடுவீங்க?"

"நான் யாரையும் கூப்பிட மாட்டேன். அம்மாதான் கூப்பிடுவாங்க. தினம் சாயங்காலம், ஒரே ஒரு தடவ."

"அப்ப வருஷத்துக்கு முப்பது வெள்ளி பிளான் போதும், இன்கமிங் வந்துகிட்டே இருக்கும். ஆனா புது நம்பர்னா பத்து வெள்ளிதான்லா. அம்மாகிட்ட நம்பர் மாறிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"அவங்களுக்கு இந்த நம்பர்தான் மனப்பாடம். இது செத்துட்டா என்னாகும்?"

"கொஞ்ச நாள் கழிச்சு கம்பெனி வேற யாருக்காவது குடுத்துடும். உங்க நம்பரே முன்ன யாரோடதாவது இருந்திருக்கும்."

அவர் முப்பது வெள்ளி நோட்டுகளையும் ஐசி என்ற அடையாள அட்டையையும் நீட்டினார். ஓரம் ஈரமாகியிருந்த அட்டையைப் பார்த்து மெஹ்ரின் பெயரைத் தட்டினாள். யுகேந்திரன்.

"அம்மா எங்க இருக்காங்க?"

"கிள்ளான்ல."

"இங்க இருக்கிற கிள்ளானா? கொமுட்டர் ரயில் ஏறினா ஒரு மணி நேரம். போய்ப் பார்த்துட்டு வரக் கூடாதா?"

"போக முடியாதும்மா."

"சரி, நீங்களாவது ஒரு தடவ கூப்பிடலாம்ல?"

"நானா கூப்பிட்டா என்ன பேசுறதுன்னு தெரியாது."

மெஹ்ரினுக்குச் சுருக்கென்றது. பெற்றவளிடம் பேசவா வார்த்தை இல்லை? உம்மா மௌத்தாகி, அவள் போனில் 'உம்மா' என்ற பெயர் ஒளிராமல் போய் எட்டு மாதம் ஆகிறது.

"முடிஞ்சிருச்சு," என்றாள் வெடுக்கென்று. "இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்களுக்குச் செலவில்ல."

அவர் கையிலேயே போன் அடித்தது. காது மந்தமானவர்கள் பேசுவதுபோல ஒரு கிழக்குரல் கடை முழுக்கக் கேட்டது.

"தனேஷ்! சாப்பிட்டியாய்யா?"

மெஹ்ரின் ஐசியை இன்னொரு முறை பார்த்தாள்.

"சாப்பிட்டேம்மா!" என்று கத்தினார் யுகேந்திரன்.

"நம்பர மட்டும் மாத்திடாதய்யா!"

"மாத்தலம்மா!"

போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன, இதே கடையிலதான் இந்த நம்பர வாங்கினேன். மூணு நாள் ராங் நம்பர்னு கத்திப் பார்த்தேன்மா. நாலாவது நாளும் சாப்பிட்டியாய்யான்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."