துருக்கிக்குப் போன ரசப்பொடி

குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும், சந்திரகலா அந்தச் சிவப்புத் தூள் பொட்டலத்தை அவசரமாக அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில், கணவருக்குத் தெரியாமல் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் பொருள் அதுதான்.

"என்ன கலா, வாசனை புதுசா இருக்கு?" தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார் கமலநாதன்.

"பருப்பு ரசங்க. கொஞ்சம் கெட்டியா வெச்சிருக்கேன். போய் உக்காருங்க."

பச்சைப் பொய். அது துருக்கிக்காரர்களின் மெர்ஜிமெக் சூப். மைசூர்ப் பருப்பையும் வெங்காயத்தையும் கேரட்டையும் வேகவைத்து மசித்து, அந்தச் சிவப்பு மிளகாய்த் தூளையும் காய்ந்த புதினாவையும் வெண்ணெயில் பொரியவிட்டு மேலே ஊற்றியிருந்தாள்.

போன மாதம் அவர்கள் ஊரான கிள்ளானிலிருந்து இருபது பேர் துருக்கிக்குச் சுற்றுலா போனார்கள். சமையல்காரர் விமலனையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் கமலநாதன். ரசப்பொடி, ரவை, புளி, ஊறுகாய் என்று நாற்பது கிலோ விமானம் ஏறியது. இஸ்தான்புல் போய் இறங்கியதும் எல்லோருமாக உப்புமா சாப்பிட்டார்கள்.

அங்கே இருந்த ஐந்து நாளும் கமலநாதன் வைத்ததுதான் சட்டம். விடியற்காலையில் தனியாக வாக்கிங் போவார். வந்து விமலனின் உப்புமாவை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டுப் பாதியைத் தட்டிலேயே வைப்பார். "குளிருக்குப் பசிக்க மாட்டேங்குது லா" என்பார். விமலனுக்கு அதில் வருத்தம்தான்.

கூட வந்த தங்கமணி ஆசைப்பட்டு ஒரு கெபாப் வாங்கிவிட்டாள், பாவம். "வயித்தக் கெடுத்துக்கிட்டு எங்க டூரையும் கெடுக்காதீங்க அக்கா" என்று பஸ்ஸே கேட்கும்படி வாரிவிட்டார் மனுஷர். அன்றோடு யாரும் கெபாப் பக்கம் திரும்பவில்லை.

அதனால்தான் சந்திரகலாவுக்கு வாயைத் திறக்கப் பயம். எல்லோரும் கம்பளம் வாங்கப் போன ஒரு மதியம், தலைவலி என்று சொல்லி ஓட்டலிலேயே தங்கியவள், பின்சந்தில் நாலே மேசை போட்ட சூப்புக் கடைக்குள் நுழைந்தாள். ஒரு கிண்ணம் கேட்டவள் மூன்று கிண்ணம் குடித்தாள். அய்ரான் என்று ஒரு டம்ளரை நீட்டினார்கள். வாயில் வைத்தால், அட, நம்ம உப்பு மோர்! கடல் தாண்டி வந்து இத்தனையையும் கோட்டைவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருஷம் மறுபடியும் துருக்கி, வேறு ஊர்கள். நாளைக்குள் பேர் கொடுத்தாக வேண்டும். கமலநாதன் விமலன் பேரையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தார். நாம் இரண்டு பேர் மட்டும் போகலாமே என்று கேட்க அவளுக்குக் கொள்ளை ஆசை. இந்த ரசம் அவருக்குப் பிடித்தால் கேட்பது. பிடிக்கவில்லை என்றால் எந்த நாட்டுக்குப் போனாலும் உப்புமாதான்.

கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கமலநாதன் ஒரு கரண்டி குடித்தார். கரண்டி அப்படியே நின்றது. கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரசம்னா சொன்ன?"

"ஆமாங்க. யூடியூப்ல பார்த்து வெச்சேன்."

இன்னொரு கரண்டி. அப்புறம் இன்னொன்று. கருமாதிச் சாப்பாட்டுக்கே மார்க் போடுகிற மனுஷர், தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று எழுந்து அடுப்படிக்குப் போனார். பிரிட்ஜ் கதவு திறந்து மூடியது. அடுத்து டப்பாக்கள் உருளும் சத்தம். தொலைந்தது, அரிசி டப்பாவைத்தான் திறக்கப்போகிறார்!

பிடிபட்டு அவமானப்படுவதற்குப் பதில் தானாகவே சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ஓட்டல்ல எனக்குத் தலைவலியே இல்ல..."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது:

"அது கெடக்கட்டும், எலுமிச்சம்பழம் எங்க கலா? தெனம் காலையில எனக்கு அந்தச் சந்துக் கடைக்காரரு பிழிஞ்சுல்ல குடுத்தாரு!"