எதை ஊற்றினாலும் எரியாத அடுப்பு

"மாமனார், மாமியார், பொண்டாட்டி, நான், ஒரு வாளி தண்ணி, ஒரு ஈரச் சாக்கு. எல்லாரும் வந்தாச்சு. ஆரம்பிக்கலாமா மாமா?" என்றான் மாப்பிள்ளை.

"அடுப்ப விட்டுட்டீங்களே" என்றார் மாமனார்.

அது பால்கனி நடுவே உட்கார்ந்திருந்தது. மலையேறுகிறவர்கள் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போகிற பித்தளை பம்ப் அடுப்பு. மாமனார் மீசை அரும்பிய காலத்தில் வாங்கியது. மண்ணெண்ணெய், ஸ்பிரிட், பெட்ரோல், எதை ஊற்றினாலும் எரியும் என்று அதன் வயிற்றிலேயே பொறித்திருந்தது.

மாமியார் கறாராகச் சொல்லியிருந்தார். "மலையில போய்ப் பட்டினி கிடக்கக் கூடாது. இது எரிஞ்சு ஒரு டம்ளர் தண்ணி கொதிக்கணும். அப்பதான் ரெண்டு பேரும் மலைக்குப் போறீங்க. இல்லன்னா லீவு மூணு நாளும் வீட்டோட கிடங்க."

வீட்டோடு கிடக்கத்தான் மாப்பிள்ளை வேண்டாத தெய்வமில்லை. சோபா, டிவி, கேட்டால் வரும் காபி. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே கூடாரத்தில் மாமனாரோடா? அவர் குறட்டையைக் கேட்டு ஒருமுறை மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "மோட்டார ஆஃப் பண்ண மறந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால், "உங்ககூட மலைக்குப் போகணும்னு அப்பா உயிர விடறாருங்க" என்று மனைவி கண் கலங்கியபிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறக்காமல், காலையில் பல் தேய்க்கும் முன்பே பர்னரின் ஊசித் துவாரத்தில் மெல்லிய கம்பியைச் செருகி ஒடித்து வைத்துவிட்டான்.

முதலில் மண்ணெண்ணெய். பர்னரைச் சூடாக்கிவிட்டு மாமனார் பம்ப் அடித்தார். அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அடுப்பு ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தது.

"அச்சச்சோ!" என்றான் மாப்பிள்ளை, கொஞ்சம் அதிகமாகவே.

"ஸ்பிரிட்ட ஊத்திப் பாப்போம் மாப்ளே. வயசானா நாக்கு மாறிடும்."

ஸ்பிரிட்டுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. "நீங்க அடிங்க, இளரத்தம்" என்று மாமனார் நகர்ந்துகொண்டார். மாப்பிள்ளை பம்பைப் பிடித்தான். அது தண்ணீரில் விரல் விட்டதுபோல் லேசாகப் போய்வந்தது. நான் அடைத்தது மேலே, கீழே ஏன் காற்று பிடிக்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. நடக்கிறது நல்லதாக நடக்கும்போது ஆராய்ச்சி எதற்கு?

அடுப்பை ஆறவிட்டுப் பெட்ரோலுக்கு மாறினார்கள். மாமியார் வாளியைத் தூக்கிக்கொண்டார். "யார் மேல தெறிச்சாலும் ஊத்திடுவேன், சொல்லிட்டேன்."

வாளிக்கு வேலை வரவில்லை.

"விதி மாப்ளே. உங்க ஆசை நிறைவேறல" என்று மாமனார் தோளைத் தட்டினார்.

"எனக்கென்ன மாமா, உங்கள நெனச்சாத்தான்..."

இருவரும் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற முகத்தோடு எழுந்தார்கள்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார் மாமியார்.

மனைவி புருவம் திருத்தும் இடுக்கியோடு குனிந்து, துவாரத்திலிருந்து கம்பித் துண்டை உருவி எடுத்தாள். "உங்க கைவேலை அழகா இருக்குங்க." மாப்பிள்ளைக்குக் காது சுட்டது.

மாமியார் உள்ளங்கையை விரித்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தோல் வாஷர். "பம்புக்குள்ள இருக்க வேண்டியது. துவைக்க எடுத்தேன், உங்க மாமா சட்டைப் பையில இருந்துச்சு."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். மாமனார் வானத்தைப் பார்த்தார்.

வாஷர் பம்புக்குள் ஏறியது. மறுபடி மண்ணெண்ணெய். மனைவி நாலு தடவை அடித்ததும் நீலச் சுவாலை சீறிக்கொண்டு எழுந்தது. டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முதுகுப்பைகள் எப்போதோ வாசலுக்குப் போயிருந்தன.

வெளியே செருப்பு மாட்டும்போது மாமனார் கிசுகிசுத்தார். "பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே மாப்ளே? நீங்க மலை மலைன்னு புலம்பறதா உங்க அத்தைதானே சொன்னா?"

"நானா? நீங்கதான் உயிர விடறதா உங்க பொண்ணு அழுதா!"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். உள்ளே, "அப்பாடா!" என்று இரண்டு குரல்கள் சேர்ந்து கேட்டன; கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்தது.