யார் நிறுத்துவது?

இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். தொட்டி நிரம்பி, தண்ணீர் படிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"மோட்டாரை நிறுத்துங்க சார்! உங்க வீட்ல எட்டு பேரு. இப்ப அதிகமா செலவழிக்கிறது நீங்கதான்," என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"நாங்க போன மாசம்தான் குடி வந்தோம். இருபது வருஷமா உறிஞ்சித் தள்ளினது யாரு? நீங்களே நிறுத்துங்க," என்றார் மாடிவீட்டுக்காரர்.

"அதென்ன, நான் மட்டும்?"

"சரி விடுங்க, பொதுப் பிரச்சினை. ஒரு கமிட்டி போட்டுப் பேசிடுவோம்."

"அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

சுவிட்சைத் தாண்டிக் கையை நீட்டி இருவரும் குலுக்கிக்கொண்டார்கள். தண்ணீர் வழிவது சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா? மனசுவிட்டுப் பேசினா தீராத பிரச்சினை உண்டா!" என்று பூரித்துப்போனார் மாடிவீட்டுக்காரர்.

மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீர்ந்துபோனது கிணறு.