துணைக்கு வந்தவர் பெயர்

"பேஷண்டே இல்லாம, துணைக்கு வந்தவங்க மட்டும் எப்படி இருப்பாங்க அமீன்?"

தேனாம்பேட்டை ஆபீஸில் எல்லோர் காதிலும் விழும்படிதான் மேகலா கேட்டாள். டீம் லீட் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. பதவி இன்னும் குரலில் இருந்தது.

அடையாறில், புற்றுநோய் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் இலவச விடுதிக்கான சாஃப்ட்வேர் அது. டேட்டாபேஸில் நோயாளி ஒரு என்டிட்டி, அதாவது தனிப் பதிவு; துணைக்கு வந்தவர் இன்னொன்று. நோயாளியை நீக்கினால் துணைக்கு வந்தவரும் கூடவே போக வேண்டும். அமீன் எழுதியதில் போகவில்லை. துணைக்கு வந்தவருக்கு எதிரே 'நோயாளி' என்ற இடம் காலியாகவும் இருக்கலாம் என்று எழுதி வைத்திருந்தான்.

"இது வெறும் ஜாவாஸ்கிரிப்ட், தப்பைத் தானா பிடிக்காது. ஒண்ணொண்ணையும் நாமதான் கையால எழுதிச் சொல்லணும். கவனம் எங்க இருந்துச்சு? ஜூன்ல ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்ததுலேர்ந்தே நீங்க இப்படித்தான்."

அமீன் திரையைப் பார்த்தபடியே, "விடுதியில ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க மேடம்" என்றான்.

"தப்பைத் திருத்த யாரைக் கேக்கணும்?"

அந்த வரியை அவளே திருத்தினாள். அன்றைக்கே விடுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் விட்டாள்.

மறுநாள் மத்தியானம் விடுதி வார்டன் லூர்துமேரி போன் செய்தாள். "மேடம், இங்க ஒரு அம்மா பேரே காணோம். கொஞ்சம் வந்து இன்னான்னு பாருங்க."

மேகலா போனபோது, சாப்பாட்டு அறை வாசலில் தங்கபுஷ்பம் என்ற பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் கணவர் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உடலைத் தர சாயங்காலம் ஆகுமாம். கணவர் பெயரை நீக்கியதும் இவள் பெயரும் போய்விட்டது. பெயர் இல்லாதவருக்குச் சாப்பாட்டுச் சீட்டு வராது. ரூமையும் கம்ப்யூட்டர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது.

"என் டிபன் பாக்ஸக் குடுத்துப் பாத்தேன், தொடவே மாட்டேங்குது" என்றாள் லூர்துமேரி.

மேகலா லேப்டாப்பைத் திறந்து, அமீன் எழுதியிருந்த வரியை அப்படியே திரும்ப எழுதினாள்.

"இப்படித்தான் வேணும்னு நீங்க அமீன்கிட்ட சொல்லியிருந்தீங்களா?"

"நான் எங்க சொன்னேன், அந்தத் தம்பி அதுவாத்தான் எழுதிச்சு. ஜூன் மாசம் ஆம்பூர்லேர்ந்து அவங்க அம்மாவக் கூட்டிக்கினு வந்து இங்கதான் இருந்துச்சு. ஆபீஸ்ல சொல்லலியா?"

மேகலா லேப்டாப்பை மூடினாள். லூர்துமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ கம்ப்யூட்டர் ஏது, நோட்டுதான் மேடம். அம்மா தவறிப்போன அன்னிக்கு, அம்மா பேரோட அது பேரையும் சேத்து அடிச்சுட்டேன். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில வந்து நின்னுச்சு. நோட்டுல பேரு இல்ல நைனான்னு, கையிலேர்ந்து தட்ட வாங்கி வெச்சது நான்தான்."