மூன்று பேர் ஆழம்

மூத்தாள் முந்திக்கொண்டுவிட்டாள். ஏவ்ரில் இடுகாட்டு வாசலைத் தாண்டி வருவதற்குள்ளேயே, தெல்மா தன் கோட்டைக் கழற்றிக் கிளிஃபின் கல்லறைப் புல்லின்மேல் விரித்துப் போட்டிருந்தாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, வெறும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

ஏவ்ரிலுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. இரண்டு பஸ் மாறி, ஹல் நகரத் துறைமுகத்துக் காற்று முதுகைத் தள்ள, சாய்ந்து கிடக்கும் பழைய கப்பல் கேப்டன்களின் கல்லறைக் கற்களுக்கு நடுவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். இந்த வயதில் மனுஷிக்கு வேண்டியது படுக்க ஓர் இடம். அதையும் சக்களத்தியிடம் கேட்டு வாங்க வேண்டிய தலையெழுத்து.

கிளிஃப் தெல்மாவை விட்டுவிட்டு வந்து, ஏவ்ரிலைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினான். சாகக் கிடந்தபோது மட்டும், "தெல்மா பேர்ல ஒரு குழி இருக்கு. என்னை அதுலயே போட்டுடு" என்றான். ஏன் என்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெட்கத்தைவிட்டுப் போய்க் கேட்டாள் ஏவ்ரில். தெல்மா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல், "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அந்தச் 'சரி'தான் இத்தனை வருஷமாக ஏவ்ரிலின் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் டெரெக், புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"ரெண்டு பேருமே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. பழைய இடம்மா இது, புதுக் குழி தோண்ட விடமாட்டாங்க. இது ஒருத்தர் மேல ஒருத்தரா வைக்க, மூணு பேர் ஆழம் தோண்டின குழி. இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு. யாருக்குன்னு தெல்மாம்மாதான் முடிவு பண்ணணும்."

சொல்லிவிட்டு நைசாக நழுவினார். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு திண்டாட்டம் என்பார்கள். இங்கே திண்டாடியதெல்லாம் பெண்டாட்டிகள்தான். கிளிஃப் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

தெல்மா பிளாஸ்கைத் திறந்தாள். "டீ குடிக்கிறியா?"

"டீ குடிக்க வரல."

"குடி. உதடெல்லாம் காஞ்சு கிடக்கு. சண்டை போடவாவது தெம்பு வேணாமா?"

ஏவ்ரில் வாங்கிக் குடித்தாள். சூடாக இருந்தது. குடித்த டீக்காகக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. போனா எடுத்துப் போடக்கூட ஆள் இல்ல. இந்தக் கல்லுகூட நான் வச்சதுதான். அதுவரைக்கும் இது மொட்டைப் புல்லாத்தானே கிடந்துச்சு? நான் அவன்கூடப் படுத்துக்கறேன். விட்டுக்குடுத்துடுங்க."

"முடியாது."

"அவன் உங்களை வேண்டாம்னு உதறிட்டு வந்தவன். இன்னுமா அவன் மேல அவ்வளவு ஆசை?"

"ஆசையா?" தெல்மா சோர்வாகச் சிரித்தாள். "அவன் விடுற குறட்டைக்குத் துறைமுகத்துல கப்பலே வழி தெரிஞ்சு வந்துடும். அவன்கூடப் படுக்கத்தான் நான் தவம் கிடக்கேனாக்கும்."

"அப்புறம் எதுக்கு இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் குடுக்க மாட்டீங்க. வைக்கோல்போர் நாய் மாதிரி."

தெல்மா பைக்குள்ளிருந்து டெய்சிப் பூக்கொத்து ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கொத்து. கோட்டின் ஒரு முனையைத் தூக்கி, நடுப் புல்லில் அதை வைத்தாள்.

"கல்லு அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் ஏவ்ரில். "பூவைத் தலைமாட்டுல வைக்கணும்னுகூடத் தெரியல."

"தெரியும்."

தெல்மா கோட்டை மறுபடி இழுத்துவிட்டு, அதன் ஓரங்களைப் புல்லோடு சேர்த்து அழுத்திச் செருகினாள்.

அதைப் பார்க்கப் பார்க்க ஏவ்ரிலுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்படவும் முடியாத அலுப்பில் அது அழுகையாக மாறிவிட்டது. கிளிஃபுக்கு வாயில் ஊட்டியது, சளி துடைத்தது, ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கொடுத்தது எல்லாம் இவள். கடைசியில் போய்ச் சேர்ந்தது அவளிடம். இதைவிட ஒரு பெண்ணை எப்படி அவமானப்படுத்த முடியும்?

"இடம் வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் என்ன குறை வச்சேன்? இத்தனை வருஷம் என்கூட வாழ்ந்துட்டு, கடைசியில ஏன் உங்ககிட்ட வந்தான்?"

தெல்மா எழுந்து, தன் நாற்காலியில் ஏவ்ரிலைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவன் என்கிட்ட வரலம்மா" என்றாள். "அவனுக்குக் கீழ எங்க பாப்பா தூங்குறா."