துணைப்பாடம்

பூவிழி எழுந்து நின்றதும், பின்வரிசையில் அவள் அப்பா ராஜராஜன் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று பெற்றோர் கூட்டம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. பிளஸ் டூ பிள்ளைகள் துணைப்பாடக் கதையைச் சொந்த ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும். ஆங்கில ஆசிரியை சத்யப்பிரியாவின் ஏற்பாடு அது.

பூவிழி பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை; கூட்டத்துக்காக அன்றுதான் வந்திருந்தாள். அம்மை போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை.

கதை சின்னதுதான். புயலில் ஒரு பெண் தீவில் மாட்டிக்கொள்கிறாள். கரையிலிருந்து படகு வருமா என்று பார்த்திருக்கிறாள்.

பூவிழி தீவில்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே கடலைக் காணோம். நிறைய மரங்கள் வந்தன. நடுவில் ஒரு வீடு வந்தது. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

பாடத்தைப் படிக்காமல் வந்து சமாளிக்கிறாள் என்று சத்யப்பிரியா நினைத்தாள். "அந்தப் பெண் அழுகிறாள்" என்று பூவிழி சொன்னபோது, கதையை இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே திருத்தினாள். "அழுதாள்" என்று சொல்ல வேண்டும்.

"இல்லை மிஸ்," என்றாள் பூவிழி, அதையும் ஆங்கிலத்தில். "அழுகிறாள்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இலக்கணத்தில் பூவிழி தவறு செய்து அவள் பார்த்ததில்லை.

மேலே சொல்லச் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டப் போகிறார்கள். கட்டப்போகிறவன் அவளைப்போல் இரண்டு மடங்கு மூத்தவன். சட்டம் அனுமதிக்கும் வயதை அவள் இன்னும் தொடவில்லை.

கல்யாணத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்பது முந்திரி வியாபாரம் செய்யும் ராஜராஜனுக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் பூவிழியின் வாயில் வரவே இல்லை.

சிரித்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். பெற்றோர்கள் மட்டும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"படகு வந்தால் அவள் ஏறிக்கொள்வாள்," என்று முடித்தாள் பூவிழி.

எந்த நாள்? எங்கே? சத்யப்பிரியாவின் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கிழமைகளும் எண்களும் ராஜராஜனுக்கும் தெரிந்த ஆங்கிலம்.

"நன்றாகச் சொன்னாய். உட்கார்," என்று மட்டும் சொன்னாள்.

ராஜராஜன்தான் முதலில் கைதட்டினார். பக்கத்தில் தலைகுனிந்திருந்த மனைவி பானுப்ரியாவை முழங்கையால் இடித்தார். "நம்ம புள்ள என்னமா பேசுது பாத்தியா? நீயும்தான் பத்து வரைக்கும் படிச்ச. ஒரு எழுத்தாச்சும் புரிஞ்சுதா ஒனக்கு?"

"எனக்கு என்னங்க தெரியும்," என்றாள் பானுப்ரியா.

கூட்டம் கலைந்தது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள் என்று சத்யப்பிரியா சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஆவாதுங்க டீச்சர். வூட்டுல ஒரு விசேஷம்." அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பூவிழியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பைக் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார்.

பானுப்ரியா பேனாவை எடுத்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

"ஒரு கையெழுத்துப் போட இம்புட்டு நேரமா?" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது.

அவள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஓடினாள். சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பைக் சத்தம் அடங்கிய பிறகு சத்யப்பிரியா பதிவேட்டைத் திறந்தாள். பெற்றோர் கருத்து எழுதும் கட்டத்தில் பொடிப்பொடியாக ஆங்கிலம்.

வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. அதற்குக் கீழே ஒரு குலதெய்வக் கோயிலின் பெயர், போகும் வழி. அதற்கும் கீழே ஒரு வரி: நான் சொன்னது தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கதவைச் சாத்திவிட்டு, சத்யப்பிரியா குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள்.

புதன்கிழமை காலையில் அதிகாரிகள் வந்து பூவிழியை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் பள்ளியில் இதே பேச்சாக இருந்தது. பானுப்ரியாதான் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினாளாம். மண்ணை வாரித் தூற்றினாளாம். "எங் குடியக் கெடுத்த அந்த இங்கிலீஷ் டீச்சர் நாசமாப் போவ!" என்று ஊரே கேட்கும்படி கத்தினாளாம்.

ராஜராஜன் அவள் தோளில் கை போட்டு, சமாதானம் சொல்லி, வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாராம்.